முன்வரிசையில் என் அக்கா

கள்ளக்குறிச்சியில் எங்கள் பள்ளிவாசல் தெருவில் என்னைக் கண்டால் பெண்கள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார்கள். விரலைப் பிடித்துக் குத்திவிடுவேன் என்று பயம். பயத்தில் நியாயம் உண்டு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் பாதி ஆயுசைக் கழித்தவள் நான். சுகர் பார்க்கும் சின்ன மெஷின் எந்நேரமும் என் கைப்பையில் இருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் இருக்கும். பிரியாணித் தட்டோடு யாரையாவது பார்த்தால் எனக்குச் சும்மா இருக்க வராது.

சனிக்கிழமைகளில் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு பெண்கள் மதரஸாவில் உடம்பைப் பற்றிப் பேசச் சொல்லி ஜமாஅத்தில்தான் முதலில் கேட்டார்கள். தெருவில் வயசானவர்கள் இருக்க, நடுவயசுக்காரர்கள் இறந்துபோய்க்கொண்டிருந்தார்கள். சுகர், பிரஷர், கிட்னி, நெஞ்சு. எல்லாம் வீட்டுக்குள்ளேயே சமைத்து, உட்கார்ந்து, வளர்த்த வியாதிகள். நான் பேசப் போனேன். உப்பைக் குறையுங்கள், எண்ணெயைக் குறையுங்கள், நடங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். சொன்னால் இவ்வளவுதான். இதைச் சொல்லி ஒரு பெண்ணை நம்ப வைப்பதற்குள் தொண்டைத் தண்ணி வற்றிவிடும். நோன்பில் விரலைக் குத்தி ரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று ஒரு வருஷம் முழுக்க வாதம் செய்தார்கள். கடைசியில் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் போய்க் கேட்டு, முறியாது என்று அவர் வாயாலேயே மைக்கில் சொல்ல வைத்தேன். அதற்குப் பிறகுதான் நோன்பு மாசத்தில் விரல்கள் என் பக்கம் நீண்டன. தெருவில் என் வகுப்புக்கு, பள்ளிவாசல் பிரசங்கத்தைப் போல, 'சுகர்க்காரி பயான்' என்று பெயர் வைத்தார்கள். வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

முன்வரிசையில் எப்போதும் என் அக்கா உட்கார்ந்திருப்பாள். என்னைவிட இரண்டு வயசு மூத்தவள். மணலூர்பேட்டையில் ஒரே வீட்டில் பிறந்து, கள்ளக்குறிச்சியில் ஒரே தெருவில் வாழ்க்கைப்பட்டோம். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு டீக்கடையும் ஒரு தையல் கடையும்தான். அவளுக்கு நாற்பதிலேயே சுகர் வந்துவிட்டது. நான் முதலில் திருத்திய ஆள் அவள்தான். முதலில் என்னைக் கிண்டல் செய்த ஆளும் அவள்தான். நான் நெய்யைப் பற்றிப் பேசினால் பின்னால் திரும்பி, "எங்க வூட்டு ஃபிரிட்ஜத் தொறந்து பாத்துட்டுதான் இன்னிக்குப் பாடம் எடுக்கறா" என்று பெண்களுக்குச் சொல்வாள். சிரிப்பு அடங்கியதும் எல்லோருக்கும் முன்னால் நேராக உட்கார்ந்து கேட்பாள். சொன்னதை மறக்கவே மாட்டாள். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். எட்டாவதோடு நிறுத்தாமல் இருந்திருந்தால் என்னைவிட நன்றாகப் படித்திருப்பாள்.

அவளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோயிருந்தது. ஒரு நாள் வகுப்பில் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, நைலான் நூலை உள்ளங்காலில் தொட்டுக் காட்டினேன். மற்றவர்கள் கூசுகிறது என்று காலை இழுத்தார்கள். அக்கா, "எப்ப தொடப் போற?" என்று கேட்டாள். நான் தொட்டு முடித்திருந்தேன். அன்றைக்கே அவளுக்கு மெத்தென்ற கறுப்புச் செருப்பு வாங்கிவந்து, வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று சண்டை போட்டேன். வீட்டுக்குள் செருப்பா என்று முகம் சுளித்தாள். ஆனால் போட்டுக்கொண்டாள்.

மச்சானைப் பற்றிச் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர். விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு மொபெட்டின் பின்னால் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு கச்சிராயபாளையம் தாண்டிக் கல்வராயன் மலை ஏறுவார். புடவை, லுங்கி, நைட்டி, பாவாடைத் துணி. வெள்ளிமலை, கரியாலூர் பக்கத்து ஊர்களில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. மதியச் சோறு மலையில் யார் வீட்டிலாவது ஆகிவிடும். திரும்பும்போது அவர்கள் பலாப்பழம் கொடுப்பார்கள், தேன் கொடுப்பார்கள். எனக்குப் பயந்து தேன் பாட்டிலை நைட்டிகளுக்குள் சுருட்டி உள்ளே கொண்டுவருவார். நான் கண்டுபிடித்தால், அது பள்ளிவாசலுக்கு என்பார். ஒரு வகுப்பில் சாமை அரிசியைப் பற்றி நல்லதாக நான் சொன்னதை அக்கா அவரிடம் சொல்லிவிட்டாள். அடுத்த வாரமே மலையிலிருந்து ஒரு மூட்டை சாமை வந்து இறங்கியது. அக்கா அதில் பிரியாணி செய்தாள். அவர் முகம் கோணாமல் சாப்பிட்டார். நான்தான் பாதியில் எழுந்துவிட்டேன்.

வகுப்பு முடியும் நேரத்துக்கு மதரஸா வாசலில் மொபெட்டோடு நிற்பார். தெருக்கோடியிலிருந்து தெருவின் நடுவுக்குத்தான் போக வேண்டும். நட என்று சொல்லிக் கொடுக்கிற வகுப்பிலிருந்து அக்கா வண்டியில் ஏறிப் போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பின்னால் உட்கார்ந்து அன்றைய பாடத்தை அவர் காதில் ஒப்பிப்பாள். அவர் வண்டியைக் கொஞ்சம் மெதுவாகவே ஓட்டுவார். ஆண்களுக்கு வகுப்பு இல்லாததால் தெருவில் என் பாடம் கேட்ட ஒரே ஆண் அவர்தான் என்று நான் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

நெஞ்சுவலிப் பாடத்தை மாரடைப்பு என்று பயமுறுத்தாமல் நடித்துக் காட்டலாம் என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. அக்காவை எழுப்பி நோயாளியாக நிற்க வைத்தேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது சினிமாவில்தான், நிஜத்தில் தோள்பட்டை வலிக்கும், இடது கை கடுக்கும், காரணமில்லாமல் வேர்க்கும், வாயுப்பிடிப்பு என்று நினைப்போம் என்று நான் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். தோளைப் பிடித்தாள், துப்பட்டாவால் நெற்றியைத் துடைத்தாள், 'ஒண்ணும் இல்ல, கேஸ் மாத்திரை குடு' என்று மச்சான் குரலிலேயே சொன்னாள். மதரஸாவே சிரித்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். இந்தப் பாடத்தை மட்டும் யாரும் மறக்க மாட்டார்கள் என்று எனக்கு அவ்வளவு பெருமை.

ஐப்பசி அடைமழை விட்டிருந்த ஒரு நாள் மச்சான் மலைச்சந்தையில் இறந்துபோனார். துணியை விரித்து வைத்துவிட்டு மூட்டையின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். புடவையின் விலையைக் கேட்ட பெண்ணுக்குப் பதில் வரவில்லை. மலைக்காரர்களே ஜீப்பில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார்கள். அவருடைய துணிகளை ஒன்றுவிடாமல் மடித்து, மூட்டையாகக் கட்டி, அதையும் கொண்டுவந்து திண்டாடி நின்றார்கள். அவர்களை உட்காரச் சொல்லக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு கபர்ஸ்தானில் அடக்கினார்கள்.

அன்றே அக்கா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதம் பத்து நாள் அலங்காரம் இல்லாமல் வீட்டோடு இருப்பதுதான் இத்தா. மார்க்கம் சொல்வது அவ்வளவுதான். எங்கள் தெருவில் அதற்கு மேலும் ஏழெட்டுச் சேர்த்துக்கொண்டோம். அறையை விட்டு வரக்கூடாது, ஜன்னல் திறந்திருக்கக்கூடாது, வெளி ஆண்களின் குரல்கூடக் காதில் விழக்கூடாது. அக்காவைப் பின்கட்டு அறையில் உட்கார வைத்தார்கள். ஜன்னலில் பழைய புடவை. மூக்குத்தியைக் கழற்றினார்கள், வளையலைக் கழற்றினார்கள். வெள்ளைப் புடவை கொடுத்தார்கள். அந்தக் கறுப்புச் செருப்பை யாரோ மாடிப்படிக்கு அடியில் தள்ளிவிட்டார்கள்.

அறையைக் கவனித்துக்கொண்டது அக்காவின் நாத்தனார். மச்சானுக்கு மூத்தவர், ரொம்ப நாள் முன்பே கணவனை இழந்தவர். அவர் இத்தா இருந்தபோது கடைவாய்ப் பல் சொத்தையாகி முகம் வீங்கியதாம். கிராம்புத் தைலத்தை வைத்துக்கொண்டு கடைசி நாள் வரைக்கும் பல் டாக்டரிடம் போகாமல் இருந்தாராம். அதைப் பெருமையாகத்தான் சொல்வார். என் வகுப்புக்கு ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் தம்பி பெண்டாட்டியைப் பெற்ற பெண்ணாகப் பார்த்துக்கொண்டார். வேளைக்குச் சோறு, வேளைக்கு மாத்திரை. நான் போனால் சுகர் பார்க்க விரலைக்கூட அவரே பிடித்துக் கொடுப்பார்.

மார்கழியில் குளிர் கடுமையாக இருந்தது. அக்காவின் பாதம் சில்லென்று இருக்கிறதே என்று நாத்தனார் வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றி, காலடியில் வைத்திருக்கிறார். பிரியத்தில் செய்ததுதான். அக்காவுக்குச் சூடு தெரியவில்லை. காலையில் உள்ளங்காலில் பெரிய கொப்புளம். காலில் வெந்நீர் ஒத்தடம் கூடாது என்று மதரஸாவில் எத்தனை முறை கத்தியிருப்பேன். கேட்டவளுக்குக் கால் மரத்துப்போயிருந்தது. வைத்தவர் கேட்டதே இல்லை.

அக்கா அதை என்னிடம் காட்டவில்லை. காலை மடக்கி, வெள்ளைப் புடவையால் மூடிக்கொண்டே தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு வாடை அடித்தது. லேபில் வேலை செய்கிறவளுக்கு அந்த வாடை தெரியும். புடவையை விலக்கினேன். கொப்புளம் உடைந்து, சுண்டுவிரலுக்குக் கீழே கறுத்திருந்தது.  உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு என்றேன். நாத்தனார் குறுக்கே நின்றார். இத்தாவில் வாசப்படி தாண்டினால் எல்லாம் முறிந்துபோகும், என் தம்பிக்குப் பாவம் சேரும் என்றார். நான் கத்தினேன். அவரும் கத்தினார். அடுப்படியிலிருந்து அக்காவின் மருமகள் ஓடிவந்து எங்களைப் பிரித்துவிட வேண்டியதாயிற்று.

நேராக ஹஜ்ரத்தைக் கூட்டிவரப் போனேன். அவர் சாப்பாட்டில் கை வைத்திருந்தார். கையைக் கழுவிவிட்டு அப்படியே வந்தார். அறை வாசலில் திரைக்கு இந்தப் பக்கம் நின்று, வைத்தியத்துக்குப் போவது தேவையான காரியம், இத்தாவில் தாராளமாகப் போகலாம், பெண் டாக்டர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டாலும் போகத்தான் வேண்டும், உயிரைக் காப்பதும் கடமைதான் என்று பொறுமையாகச் சொன்னார்.  வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயானிலும் இதையே சொல்கிறேன் என்றார்.  நாத்தனார் உள்ளே போய் அக்காவின் புர்காவை எடுத்துவந்து உதறினார். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பல் இருந்த பக்கம். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

அக்காவின் மகன் கார் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷ வகுப்பில் நான் கற்றுக்கொண்ட பாடம் அதுதானே. அறியாமையை ஒருவர் எடுத்துச் சொல்லி விலக்கிவிட்டால் மனுஷர்கள் தானாகப் பிழைத்துக்கொள்வார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அக்கா எழுந்திருக்கவில்லை. எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். என்னை மட்டும் இருக்கச் சொன்னாள்.

"அன்னிக்குக் காலையில அவருக்குத் தோள்பட்ட வலிச்சிது" என்றாள். "இடது கை கடுக்குதுன்னாரு. அந்தக் குளுருல நெத்தியெல்லாம் வேர்த்து நின்னுது. நான்தான் தொடச்சி வுட்டேன். தைலம் தேச்சேன். எனக்குத் தெரிஞ்சிப் போச்சி. நீ சொன்னது அப்பிடியே இருந்திச்சி. ஆஸ்பத்திரிக்குப் போலாங்கன்னேன். சந்தைய முடிச்சிக்கினு வந்து போலான்னு சிரிச்சாரு. சரின்னுட்டேன். மூட்ட கட்டறதுக்கு நான்தான் கயித்தப் புடிச்சேன்."

அவள் அழவில்லை. பாடம் ஒப்பிக்கிற குரலிலேயே சொன்னாள். எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். தோள்பட்டை வலி எல்லோருக்கும் வரும், மூட்டை தூக்குகிறவருக்கு வராமல் இருக்குமா, வேர்ப்பது பித்தத்தில்கூட இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியும் என்று யார் சொன்னது என்றேன். நான் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் ஒவ்வொன்றாக நானே பொய்யாக்கிக்கொண்டிருந்தேன். லேபுக்காரி பேசுகிற பேச்சா அது?

"பேசாம இரு" என்றாள் அக்கா. "நீ அப்பிடி சொல்லிக் குடுக்கல."

அவளே மேலே பேசினாள்.

"நீ சொல்லிக் குடுக்காம இருந்திருந்தா எனக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. நல்லபடியா அழுதுக்கினு இருந்திருப்பேன். அவருக்குப் பாக்காத வைத்தியம் எனக்கு இன்னாத்துக்கு? இந்த நாலு மாசம் பத்து நாளையாவது அவருக்கு ஒழுங்கா செஞ்சி முடிக்கறேன். வுடு."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். காலைப் பிடித்துக் கெஞ்சினேன். பிடித்தது அந்தக் காலைத்தான் என்பதுகூட அவளுக்குத் தெரியவில்லை. மகன் உள்ளே வந்து, "வாம்மா, எனக்காக வாம்மா" என்று குழந்தையாக அழுதான். அவன் தலையைத் தடவினாள். இத்தா முடிந்ததும் முதல் வேலையாக வருகிறேன் என்றாள். தூக்கிப் போய்க் காரில் போட்டுவிடலாம் என்று நான் சொன்னேன். அவன் தயங்கினான். அம்மாவை எப்படிச் சித்தி அப்படித் தூக்குவது என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. நானும்தான் முன்னே போய்த் தூக்கவில்லை.

அவள் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மகனிடம்கூட. அத்தாவின் தோள்பட்டை வலி அம்மாவுக்குத் தெரியும் என்று அவனுக்கு ஏன் தெரிய வேண்டும்? தெருவில் எல்லோரும் அக்காவை மார்க்கத்தில் பிடிப்பானவள் என்று மெச்சினார்கள். ஹஜ்ரத் சொல்லியும் அசையாமல் இருக்கிறாளே என்றார்கள். எனக்கு அதைக் கேட்கக் கேட்க எரிந்தது. அவள் பிடித்துக்கொண்டிருந்தது மூட்டைக் கயிற்றை. அதை விட மாட்டேன் என்றாள்.

தெரிந்த டாக்டரிடம் போனில் படம் அனுப்பிக் கேட்டேன். உடனே கூட்டிவரச் சொன்னார். வர மாட்டேன் என்கிறாள் என்றதும் மாத்திரை எழுதி அனுப்பி, இது போதாது என்றும் சொன்னார். தினமும் லேபுக்குப் போவதற்கு முன்னால் போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டினேன். கழுவும்போது அவளுக்கு வலிக்காது. வலிக்கவில்லையே என்பதுதான் எனக்கு வலித்தது. நாத்தனார் பாத்திரத்தில் ஆறிய தண்ணீரை ஏந்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பாட்டிலை அவர் பரணில் ஏற்றி வைத்ததைப் பார்த்தேன். தூக்கி எறியவும் அவரால் முடியவில்லை போலிருக்கிறது.

தை பிறந்து கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. ஒரு காலையில் நான் போனபோது அக்கா என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். மச்சானுக்கு டீ கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டாள். அதற்கு மேல் யாரையும் நாங்கள் கேட்கவில்லை. நானும் மகனும் நாத்தனாரும் பாயோடு தூக்கிக் காரில் ஏற்றினோம். வாசப்படியை அவள் தாண்டியது அவளுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்யும் பெண் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்தால் உயிர் தங்கும், நேரம் கடத்தினால் தங்காது என்றார். மகன் கையெழுத்துப் போட்டான். போட்டுவிட்டு அந்தப் பேனாவை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

எடுத்த காலை என்ன செய்வது என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். எங்களுக்கு அது குப்பை இல்லை. மனுஷ உடம்பில் எந்தப் பாகத்தை எடுத்தாலும் வாங்கிக்கொண்டு போய் மண்ணில் அடக்க வேண்டும். தொழுகை கிடையாது, குளிப்பாட்டுவது கிடையாது. வெள்ளைத் துணியில் சுற்றி, குழி வெட்டி வைத்துவிட வேண்டியதுதான். ஹஜ்ரத்தும் ஜமாஅத்தில் இரண்டு பேரும் வந்தார்கள். மகன் அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் போனான். கபர்ஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தேன். அவன் திரும்பி வந்தபோது விரலிடுக்கில் செம்மண் இருந்தது. எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். அத்தாவின் கால்மாட்டில் என்றான். வேறு எங்கே வைப்பது என்று எனக்குத் தோன்றவில்லை என்றான். 

அக்கா கண் விழித்ததும் காலைப் பற்றிக் கேட்கவில்லை. இத்தா முறிந்துவிட்டதா என்று கேட்டாள். முறியவில்லை, இங்கேயே நாளை எண்ணி முடித்துக்கொள்ளலாம் என்று ஹஜ்ரத் சொல்லி அனுப்பியதைச் சொன்னேன். கட்டிலைச் சுற்றித் திரை போட்டுத் தந்தார்கள். ரெண்டு நாள் கழித்துத்தான் போர்வைக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். காலை எங்கே வைத்தீர்கள் என்று மகனைக் கேட்டாள். அவன் சொன்னான்.

"அவரு பக்கத்துலயா?" என்றாள்.

"ஆமாம்மா. கால்மாட்டுல."

அவள் முகம் தெளிந்தது. நான் பார்த்தேன். மச்சான் போனதற்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தாள். கஞ்சி கொடுத்தால் குடிக்கிறேன் என்றாள். உயிர் பிழைத்துவிட்டாள் என்று டாக்டருக்குச் சந்தோஷம், மகனுக்குச் சந்தோஷம். எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. இறந்துபோன மனுஷர்மேல் பொறாமை வரும் என்று நான் நினைத்ததே இல்லை. எனக்கு வந்தது. தேன் பாட்டிலை நைட்டியில் சுருட்டி வந்த அந்த நல்ல மனுஷர்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

இப்போது எங்கள் தெருவில் இத்தா இருக்கிற பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். போன மாசம் ஒருத்தர் கண் ஆபரேஷனுக்குக் காரில் போய்க் கறுப்புக் கண்ணாடியோடு வந்து இறங்கினார். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எல்லாம் உங்கள் புண்ணியம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்குக் கையை உருவிக்கொள்ளலாமா என்றிருந்தது. ஆண்களுக்கும் இப்போது வகுப்பு உண்டு. ஜும்ஆ முடிந்து வெளியே வராந்தாவில், திரைக்கு இந்தப் பக்கம் நின்று நான் பேசுவேன். நெஞ்சுவலிப் பாடத்தை எடுக்காமல் தள்ளிக்கொண்டே வந்தேன். அக்காதான், எப்போது எடுக்கப் போகிறாய் என்று கேட்டாள். எடுத்தேன். யாரையும் நடிக்க வைக்கவில்லை. தோள்பட்டை என்று சொன்னதும் நிறுத்திவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு மீதியைச் சொன்னேன். தெரிந்தும் போகாமல் இருந்துவிடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். அதை மட்டும் சொல்ல வரவில்லை.

அக்கா என் வீட்டில்தான் இருக்கிறாள். சக்கர நாற்காலியில் மதரஸாவுக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள். சுகர் நன்றாகவே குறைந்திருக்கிறது. சொன்னதைச் சாப்பிடுகிறாள், சொன்ன மாத்திரையைப் போடுகிறாள். எதற்கும் சண்டை போடுவதில்லை. தெருவில் என் பேச்சை இவ்வளவு ஒழுங்காகக் கேட்கிற ஆள் வேறு கிடையாது.

தினமும் பொழுது சாய, மஃரிபு தொழுகைக்கு முன்னால் அவளுடைய மிச்சமிருக்கிற காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்பேன். உள்ளங்கால், குதிகால், ஒவ்வொரு விரலிடுக்கு. ஒரு கீறல் இருக்கக்கூடாது, ஈரம் இருக்கக்கூடாது. அவள் காலை என்னிடம் கொடுத்துவிட்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பாள். நேற்றும் அப்படித்தான் சுண்டுவிரலைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தேன்.

"இதுவும் போச்சின்னா அங்கயே வெக்கச் சொல்லு" என்றாள். "எடம் இருக்குதில்ல?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். கடைக்குப் போகிறவளிடம் சொல்லி அனுப்புகிற குரல். திட்ட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். நல்ல காலுக்கு ஏன் இப்படிப் பேசுகிறாய், இந்தக் காலுக்கு ஒன்றும் ஆகாது, நான் விட மாட்டேன் என்றெல்லாம் சொல்ல வந்தது. அவள் என் முகத்தையே பார்த்தாள். முன்வரிசையில் உட்கார்ந்து பதில் கேட்கிற அதே பார்வை. அவளிடம் ஒரு முறை பொய் சொல்லிப் பார்த்தவள் நான்.

"இருக்குக்கா" என்றேன்.